சிறிய அணியின் பெரிய வீரர்: கெவின் ஓ'பிரையன்

டெஸ்ட் அந்தஸ்து இல்லாத நாடொன்றின் வீரர் இரு தடைகளை எதிர்கொள்கின்றார். பலம் மிக்க அணிகளுடன் விளையாட அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. திறமையான சக வீரர்களும் வேறு நாட்டு அணிகளை நாடிச் செல்வர். 2007 உலகக் கிண்ணத்தில் அயர்லாந்துக்காக ஆடிய இயன் மோர்கன், பின்னர் இங்கிலாந்து அணியில் இணைந்து 2019 இல் அவ்வணிக்கு உலகக் கிண்ணத்தையே வென்று கொடுத்தார். அயர்லாந்திலேயே நிலைத்து நின்றவர் கெவின் ஓ'பிரையன்.

ஆரம்பம்

1984 இல் டப்ளினில் பிறந்த இவர் ஒரு சகலதுறை ஆட்டக்காரர். இவரது சகோதரர் நையலும் அயர்லாந்து அணி வீரரே. 2006 இல் பெல்பாஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக நடைபெற்ற அயர்லாந்தின் முதலாவது சர்வதேச ஒருநாள் போட்டியில் அறிமுகமாகி, தாம் வீசிய முதற் பந்திலேயே அன்ட்ரூ ஸ்ட்ரவுஸை ஆட்டமிழக்கச் செய்தார்.

பெங்களூர், 2011

உலகக் கிண்ணப் போட்டியொன்றில் இங்கிலாந்து 327 ஓட்டங்களைக் குவித்தது. அயர்லாந்து 5 விக்கெட்டுகளை இழந்து 111 ஓட்டங்களுடன் தடுமாறியது. அந்நிலையில் ஓ'பிரையன் 50 பந்துகளில் சதம் கடந்து, 63 பந்துகளில் 113 ஓட்டங்களைப் பெற்றார். அயர்லாந்து 3 விக்கெட்டுகளால் வென்றது. உலகக் கிண்ண வரலாற்றில் அதுவரை துரத்திப் பெறப்பட்ட மிகக் கூடிய ஓட்ட எண்ணிக்கை, 1992 இல் இலங்கை சிம்பாப்வேக்கு எதிராகப் பெற்ற 313 ஆகும். அதனையும் அயர்லாந்து கடந்தது.

டெஸ்ட் அரங்கு

2017 இல் அயர்லாந்துக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. 2018 மே மாதம் மாலஹைடில் பாகிஸ்தானுடன் முதலாவது டெஸ்ட் நடைபெற்றது. முதல் இனிங்ஸில் 130 ஓட்டங்களுக்குச் சுருண்ட அயர்லாந்து, மீண்டும் தொடர்ந்து துடுப்பெடுத்தாட நேர்ந்தது. அப்போது 118 ஓட்டங்களைப் பெற்று, தம் நாட்டின் முதலாவது டெஸ்ட் சதத்தை இவர் பதிவு செய்தார். போட்டியில் பாகிஸ்தான் 5 விக்கெட்டுகளால் வென்றது. ஆயினும் இன்னிங்ஸ் தோல்வி தவிர்க்கப்பட்டது. 2019 இல் ஹொங்கொங்குக்கு எதிராக இருபதுக்கு 20 சதமும் பெற்று, மூவகைப் போட்டிகளிலும் சதமடித்த முதல் அயர்லாந்து வீரரானார். 2022 இல் சர்வதேசப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

கவனிக்குக

பழைய நூல்களில் இவர் 'உலகக் கிண்ணத்தில் அதிவேக சதம் பெற்றவர்' எனக் காணப்படலாம். 2023 இல் ஏய்டன் மார்க்ரம் 49 பந்துகளிலும், அதே தொடரில் கிளென் மெக்ஸ்வெல் 40 பந்துகளிலும் சதமடித்து அச்சாதனையைக் கடந்துவிட்டனர். எனவே '2011 முதல் 2023 வரை' எனக் காலத்தைக் குறிப்பிட்டே எழுதுங்கள். சாதனைகள் கைமாறும், ஆனால் ஒரு நாட்டின் முதலாவது டெஸ்ட் சதம் எவராலும் பறிக்க முடியாதது. இவ்விரண்டின் வேறுபாட்டை விளக்கத் தெரிந்த மாணவருக்கே விடை முழுமை பெறும்.