பழங் கணிப்பொறியும் அதற்கேற்ற திரையும்

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது நம் முன்னோர் மொழி. இடுவோன் கை எத்துணைப் பெரிதாயினும், ஏற்போன் கலம் அதற்கு இயையாதாயின் இட்டது சிதறிப்போம் என்பது அதன் கருத்து. இம்மூதுரை ஈகைக்கேயன்றிப் பொறிகளுக்கும் பொருந்துமென்பதை அண்மையில் யாம் நேரிற் கண்டோம். கண்டதையும் அதனாற் கற்றதையும் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இந்திய அரசினர் 1984-ஆம் ஆண்டிற் பள்ளிகளிற் கணிப்பொறிக் கல்வியைப் புகுத்த வேண்டி 'கிளாஸ்' என்னும் திட்டமொன்றைத் தொடங்கினர். அத்திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளுக்கு வழங்கப்பெற்றது பி.பி.ஸி. மைக்ரோ என்னும் ஆங்கில நாட்டுப் பொறி. அங்ஙனம் வந்த பொறியொன்று ஒரு பள்ளியின் பண்டக அறையில் நெடுங்காலமாகத் துணி மூடிக் கிடந்தது. அதனோடு வந்த திரை எங்ஙனமோ காணாமற் போயிற்று. பழம்பொருள்களை எடைக்குப் போடும் நாள் வந்தபோது, முன்னாளில் அப்பொறியைக் கொண்டு பாடங் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு முறையேனும் அதனை இயக்கிப் பார்த்தல் வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். புதிய கணிப்பொறி ஒன்றின் திரையைக் கழற்றிக் கொணர்ந்து, ஒருவாறு கம்பி பொருத்தி இயக்கினர். எல்லை கடந்தது என்னும் பொருள்படும் இரண்டொரு சொற்கள் திரையில் தோன்றின. பின்னர் அஃது இருண்டுவிட்டது. பொறி இறந்துபட்டது என்று அங்கிருந்தோர் தீர்ப்பளித்தனர். உடனிருந்த யாமும் அத்தீர்ப்பை ஒப்பினோம். அவ்வாசிரியர் மட்டும், "ஐயா, அது பேசிற்றே, தங்கள் செவியில் விழவில்லையா?" என்றார்.

அவர் கூறியது மெய்யே. பி.பி.ஸி. மைக்ரோவை இயக்கியவுடன் தாழ்ந்த ஒலியொன்று எழும்பி, உடனே உயர்ந்த சிற்றொலியொன்றால் முடிவுறுமாயின், உள்ளுறுப்புகள் பெரும்பாலும் நலமாயுள்ளன என்று கொள்ளலாம். தாழ்ந்த ஒலியே இடையறாது நீளுமாயின் பழுதுண்டென்று அறிதல் வேண்டும். அன்று இரண்டு ஒலிகளும் முறையே கேட்டன. கண்ணையே நம்பியிருந்த எமக்குச் செவி சொன்ன சான்று புலப்படவில்லை. குறை பொறியில் அன்று. யாம் கொடுத்த திரையிலேயே இருந்தது.

இதன் காரணத்தை ஆராய்வாம். பி.பி.ஸி. மைக்ரோ, கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கார்ன் நிறுவனத்தாரால் 1981-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிடப்பெற்றது. ஆங்கில ஒலிபரப்புக் கழகத்தார் மக்களுக்குக் கணிப்பொறி அறிவை ஊட்டத் தொலைக்காட்சி வாயிலாகப் பாடம் நடத்த முற்பட்டனர்; அப்பாடத்துக்குத் துணையாக அமைந்ததே இப்பொறி. ஆகவே, இல்லந்தோறும் இருந்த தொலைக்காட்சிப் பெட்டியே இதற்குத் திரையாகும் என்று கருதி இதனை அமைத்தனர். அக்காலத்து ஐரோப்பியத் தொலைக்காட்சிக் குழலில் மின்கதிர் ஒரு நொடிக்கு 50 முறை மேலிருந்து கீழாகத் திரையைத் துடைத்து இறங்கும். அங்ஙனம் இறங்குங்கால் ஒரு நொடியில் 15,625 வரிகளை இடமிருந்து வலமாக எழுதிச் செல்லும். பொறியும் அதே கதியில் வரிகளை அனுப்புகின்றது. பிற்காலத்துக் கணிப்பொறித் திரைகளோ நொடிக்கு 31,000-க்கு மேற்பட்ட வரிகளையே எதிர்நோக்குவன. பாதி வேகத்தில் வரும் செய்தியை அவற்றுட் பல ஏற்பதில்லை. யாம் கண்ட 'எல்லை கடந்தது' என்னும் அறிவிப்பின் பொருள் இதுவே. ஆதலின், திரை தேடுவோர் முதற்கண் உசாவ வேண்டுவது அதன் அகலமும் அழகும் அல்ல; 15,625 என்னும் வரிக்கதியை அது தாங்குமா என்பதேயாம்.

அடுத்து, பொறியின் பின்புறத்தை நோக்குவாம். படத்தை வெளியிடும் வாயில்கள் அங்கு மூன்று உள. முதலாவது, தொலைக்காட்சிப் பெட்டியின் ஏரியல் துளைக்குச் செல்வது. இதன்வழி வரும் படம் வானொலி அலையின்மேல் ஏற்றப்பெற்று, பெட்டியினுள் மீண்டும் இறக்கப்படுவது. இரண்டாவது, வட்டமான பி.என்.ஸி. வாயில், ஏற்றமும் இறக்கமும் இன்றிப் படம் நேரே ஒரே கம்பியிற் செல்வது. பொறியினுள் உள்ள சிறு இணைப்பொன்றை மாற்றினாலன்றி இதில் நிறம் வாராது. நிறங்களெல்லாம் சாம்பல் நிறத்தின் படிகளாகத் தோன்றும். மூன்றாவது, ஆறு முள்ளுடைய டின் வாயில். இதில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் தனித்தனிக் கம்பிகளிற் செல்லும்; வரிகளை ஒழுங்குபடுத்தும் துடிப்பு நான்காவது முள்ளிற் செல்லும். ஒவ்வொரு நிறமும் உண்டு அல்லது இல்லை என்னும் இருநிலையே உடையதாதலின், மூன்றும் கலந்து எட்டு நிறங்களே தோன்றும்.

இம்மூன்றனுள் எதனைத் தெரிந்துகொள்வது? இதற்கு விடை, பொறியைக் கொண்டு யாது செய்யக் கருதுகின்றோம் என்பதைப் பொறுத்தது. சிறு கணக்கொன்று இதனைத் தெளிவாக்கும். வரியொன்றில் 80 எழுத்துகளைக் காட்டும் நிலையில், அப்பொறி 640 புள்ளிகளை 40 மைக்ரோ நொடியில், அஃதாவது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் நாற்பது பங்கில், எழுதி முடிக்கின்றது. வெண்புள்ளியும் கரும்புள்ளியும் மாறி மாறி வருமாயின், ஓர் இணை ஓர் அலையாகும். எனவே நொடிக்கு 80 லட்சம் அலைகள் எழும். ஆங்கில நாட்டுத் தொலைக்காட்சியின் ஏரியல் வழியோ ஏறத்தாழ 55 லட்சம் அலைகளையே செல்லவிடும். எஞ்சியவை வழியிலே மழுங்கிவிடும்; எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பற் பூச்சாகும். வரிக்கு 40 எழுத்துகளாயின் புள்ளிகள் 320. அலைகள் 40 லட்சம். அவை அவ்வழியில் ஒருவாறு அடங்கும். ஆகவே, விளையாட்டுக்கும் பெரிய எழுத்துப் பாடங்களுக்கும் தொலைக்காட்சிப் பெட்டி போதும். 80 எழுத்து வரியிற் கட்டுரை எழுதுவோர்க்கு அது கண்ணோவையே தரும். கண்ணாடி மாற்றியும் பயனின்றி வருந்தியோர் பலர்க்கு, உண்மையில் மாற்றவேண்டியிருந்தது கம்பியே.

எழுத்துப் பணியே பெரிதென்பார்க்குப் பச்சை அல்லது மஞ்சட் பழுப்பு நிறத்து ஒற்றை நிறக் குழல் சாலச் சிறந்தது. வண்ணக் குழலின் முகத்தில் மூன்று நிறப் பொட்டுகள் நெருங்கப் பதிக்கப்பட்டிருக்கும். எழுத்தின் நுண்மை அப்பொட்டுகளின் இடைவெளியைக் கடக்கவொண்ணாது. ஒற்றை நிறக் குழலில் அத்தகைய தடையின்மையின் எழுத்து கூர்மையாக நிற்கும். இதற்கு இரண்டாம் வாயிலே போதுமானது.

நிறமும் தெளிவும் ஒருங்கே வேண்டுவோர் மூன்றாம் வாயிலைப் பயன்கொள்ளல் வேண்டும். ஆங்கில நாட்டுப் பள்ளிகளில் இதற்கெனவே பெரிதும் வழங்கியது, பிராட்ஃபோர்டு நகரத்து மைக்ரோவிடெக் நிறுவனத்தாரின் 'கப்' என்னும் 14 அங்குலத் திரை. அதனிலும் வகைகள் உள: 1431 என்னும் எண்ணுடையது பொதுத் திறத்தது, 1451 அதனினும் நுண்ணிய பொட்டுகளை உடையது. 80 எழுத்து வரிக்குப் பின்னதே ஏற்றது. பிற பொறிகளுக்கென வந்த வண்ணத் திரைகளை இதனோடு இணைப்போர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். பல திரைகள் நிறத்தின் அளவை 0.7 வோல்ட்டுக்குள் ஏற்பன. இப்பொறி அனுப்புவதோ அதனினும் மிக்கது. இடையே தக்க மின்தடைகளை வையாது இணைத்தல் திரைக்குக் கேடு. ஆறாம் முள்ளில் 5 வோல்ட் மின்னாற்றல் வெளிப்படுவதால், அதனைப் பிற கம்பியோடு தீண்டவிடுதலும் ஆகாது.

குழல் திரை கிடைப்பது இந்நாளில் அரிது. கிடைக்கப் பெறாதோர்க்கும் வழியுண்டு. பழங்கதியிற் செல்லும் படத்தை வாங்கிப் புதுத் திரையின் கதிக்கு மாற்றித் தரும் இடைக்கருவிகள் உள. ராஸ்ப்பெரி பை என்னும் சிறு பலகையைக் கொண்டு, முதலில் இப்பொறிக்கெனவே ஆர்வலர் ஆக்கிய கருவி, ஒவ்வொரு புள்ளியையும் பிசகாது எடுத்துக் காட்ட வல்லது. மலிவான கருவிகளுட் பல புள்ளிகளைக் குழப்பியும், படத்தைச் சற்றுத் தாமதித்தும் தருவனவாதலின், இயக்கிப் பார்த்தே வாங்குதல் நன்று.

பழைய குழல் திரையை விலைக்கு வாங்குவோர் அதனை அரை மணி நேரமேனும் ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும். சூடேறியபின் படம் சுருங்குகின்றதா, மங்குகின்றதா என நோக்குக. ஒளியை மிகுத்தவிடத்துப் படம் ஊதிப் பெருக்குமாயின் உயர் மின்னழுத்தப் பகுதி தளர்ந்துள்ளது என்றறிக. திரையை அணைத்தபின் அதன் முகத்திற் பழைய எழுத்துகளின் நிழல் தங்கியிருக்குமாயின் குழல் வெந்துபோயிற்று என்க. நடுவிலும் நான்கு மூலைகளிலும் எழுத்து ஒரே கூர்மையுடன் உளதா என்பதையும் காண்க.

இனித் திரையை நிறுவும் முறையைக் கூறுவாம். பொறியினுள் உள்ள மின்வழங்கிப் பெட்டியிற் பழைய வடிகட்டி மின்தேக்கிகள் உள்ளன. அவை முதுமையால் வெடித்து நாற்றமிக்க புகையைக் கக்குதல் யாவரும் அறிந்த குறை. அறிந்தவரைக் கொண்டு அவற்றை முன்னரே மாற்றுவித்தல் வேண்டும். யாம் அது செய்யாமலே அன்று இயக்கினோம். தீங்கு நேராதது எமது அறிவாலன்று. குழல் திரையின் கூட்டைத் திறத்தலோ ஒருபோதும் கூடாது. வண்ணக் குழலில் 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. அணைத்த பின்னும் அஃது உள்ளே தங்கிநின்று உயிர்க்கு ஊறு செய்யும். தூக்குங்கால் குழலின் முகம் நம் மார்பை நோக்கி இருத்தல் வேண்டும். பாரமெல்லாம் அம்முகத்திலேயே உள்ளது.

திரையைச் சாளரத்துக்கு எதிரே வையாமல் பக்கவாட்டில் வைக்க. ஒலிபெருக்கியை அணுகவிடற்க, அதன் காந்தம் நிறங்களைத் திரித்துவிடும். அங்ஙனம் திரிந்தால், திரையை அணைத்து நன்கு ஆறவிட்டு மீண்டும் இயக்குக. காந்தம் போக்கும் சுருள் உள்ளே உள்ள திரைகளில், அது தொடக்கத்தில் தானே இயங்கிக் கறையை நீக்கும். பின்னர், எழுத்தற்ற கரிய திரையில் ஒளிக் குமிழைத் திருகி, சாம்பல் ஒளி மறையும் எல்லையில் நிறுத்துக. அதன்பின் எழுத்துகளை வரவழைத்து, வேறுபாட்டுக் குமிழால் வெண்மையைக் கண்ணுக்கு இனிய அளவில் வைக்க. படம் மேலும் கீழும் உருளுமாயின் நெடுக்குப் பிடிப்பையும், சாய்ந்து கிழியுமாயின் கிடைப் பிடிப்பையும் சிறிது சிறிதாகத் திருத்துக. படத்தின் மேல்வரி மறைந்துபோமாயின், குமிழைத் தேடவேண்டுவதில்லை. உடுக்குறியோடு டிவி என்னும் கட்டளையை 255 என்னும் எண்ணுடன் தட்டச்சிட்டு, திரைநிலையை மீண்டும் மாற்றினால், படம் ஒரு வரி கீழிறங்கி நிற்கும். திரையைத் தன்போக்கில் அமைத்தோர் பலராதலின், பொறியே இத்துணை இணங்கிப் போகுமாறு அமைக்கப்பெற்றது.

பள்ளியில் நிகழ்ந்ததன் முடிவைக் கூறி அமைவாம். ஆசிரியர் ஓய்வறையில் பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் பின்புறத்தில் மஞ்சள் நிறத் துளை ஒன்றும் இருந்தது. கடையில் ஒரு சிறு இணைப்பு முனையை வாங்கி, பொறியின் இரண்டாம் வாயிலை அதனோடு பொருத்தினோம். இரண்டு ஒலிகளும் முன்போலவே கேட்டன. அடுத்த கணம், கருந்திரையின் தலைப்பிற் பொறியின் பெயரும், அதன்பின் 32 என்னும் நினைவக அளவும் வெண்ணிறத்திற் பளிச்சென விளங்கின. முதிய ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, எதனையும் பாராமல் நான்கு வரிக் கட்டளையொன்றைத் தட்டச்சிட்டார். திரையில் வட்டமொன்று வரையப்பெற்றது. "முதல் வகுப்பில் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்" என்றார், வேறொன்றும் கூறினாரல்லர். எடைக்குப் போகும் பொருள்களின் பட்டியலினின்று ஒரு வரியைத் தலைமையாசிரியர் தம் கையாலேயே அடித்துவிட்டார்.

மாணவ நண்பர்களே, பேசுவோன் ஊமையென்று சொல்லுமுன், கேட்போன் மொழி அறிந்தவனா என்று பார்த்தல் வேண்டும். பொறி அனுப்புவது இன்னது, திரை ஏற்பது இன்னது என்று இரண்டையும் எழுதி ஒப்பிட்டபின் பொருளை வாங்குவோர்க்குப் பணமும் மிஞ்சும். பழுதற்ற பொறியும் பிழைக்கும்.