சூப்பருக்குப் பின்னால் நம்ம ஊர் ஏடிஆர்!

மதுரையிலிருந்து பெங்களூரு பறக்கும் ஏடிஆர் 72 விமானத்தைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் விசிறி சுழல, வயல்களும் கண்மாய்களும் கீழே சிறுத்துக்கொண்டே போக, ஜிவ்வென்று எழும்பும். முழுச் சுமையோடு எடை ஏறத்தாழ 23 டன். பெங்களூரில் தரையிறங்கும்போது அதற்கு முன்னால் யார் போகக்கூடும் தெரியுமா? எமிரேட்ஸின் ஏர்பஸ் ஏ380! 2022 அக்டோபரிலிருந்து துபாயிலிருந்து பெங்களூருக்கு வந்துபோகிற இரண்டடுக்கு ராட்சதன். தரையிறங்கும் நேரத்திலேயே அதன் எடை 390 டன்வரை இருக்கலாம். இந்த இரண்டையும் ஒரே வரிசையில் எப்படி இறக்குகிறார்கள்? வாருங்கள், எட்டிப் பார்ப்போம்!

முதலில் காற்று. பறக்கும்போது இறக்கையின் அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. அடியில் இருக்கும் காற்று இறக்கை நுனியைச் சுற்றி மேலே பாயும். பாய்ந்த வேகத்தில் முறுக்கிக்கொண்டு, இரண்டு நுனியிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு காற்றுக் குழல்கள் உருவாகும். வேக் டர்புலன்ஸ் என்று விமானிகள் சொல்வது இதைத்தான். விமானம் எவ்வளவு கனமோ, எவ்வளவு மெதுவாக வருகிறதோ, சுழல் அவ்வளவு வலு. ரிங் ரோட்டில் கன்டெய்னர் லாரி கடக்கும்போது பைக் ஓர் உலுக்கு உலுக்குமே, அது ஒரு நொடியில் ஓய்ந்துவிடும். வானத்துச் சுழல் நிமிடக் கணக்கில் ஓயாது. சிக்கினால் விமானத்தையே புரட்டப் பார்க்கும்.

புரட்டியும் இருக்கிறது. 2017 ஜனவரி 7. மாலேயிலிருந்து அபுதாபிக்குப் போய்க்கொண்டிருந்த சேலஞ்சர் 604 ரக சிறு ஜெட், அரபிக்கடலுக்கு மேலே எதிரே வந்த ஓர் ஏ380க்கு ஆயிரம் அடி கீழே கடந்தது. சிறிது நேரத்தில் சுழலில் மாட்டியது. பலமுறை உருண்டு, எட்டாயிரம் அடிக்கு மேல் சரிந்தது. உள்ளே இருந்தவர்களுக்குக் காயம். விமானிகள் எப்படியோ அதை நிமிர்த்தி மஸ்கட்டில் இறக்கினார்கள். அந்த ஜெட் அதன்பிறகு பறக்கவே இல்லை.

இனி ரேடார் திரைக்கு வருவோம். விமானங்களை எடையை வைத்து வகை பிரித்திருக்கிறார்கள். 7 டன்வரை லைட். அதற்கு மேல் 136 டன்னுக்குள் மீடியம். 136 டன்னும் அதற்கு மேலும் ஹெவி. ஏ380க்கு மட்டும் தனி மகுடம்: சூப்பர்! முதல்முறை ரேடியோவில் பேசும்போது அதன் விமானி தன் அழைப்புப் பெயரோடு ‘சூப்பர்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்டதும் விமானப் போக்குவரத்துக் கன்ட்ரோலர் மனதுக்குள் அடுத்த கணக்கு ஓடத் தொடங்கிவிடும்.

உலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் கணக்கு இது: ஹெவிக்குப் பின்னால் மீடியம் வந்தால் 5 கடல் மைல் இடைவெளி, சூப்பருக்குப் பின்னால் வந்தால் 7. ஏழு கடல் மைல் என்பது 13 கிலோமீட்டர்! இறங்கும் வேகத்தில் கிட்டத்தட்ட மூன்று நிமிடம். அதற்குள் சுழல் கீழே இறங்கி, வலுவிழந்து, சிதைந்துவிடும். நம்ம ஏடிஆர் மீடியம் என்பதால் அந்த ஏழு மைலும் அதற்குச் சேர வேண்டிய பங்கு. பின்னால் வரும் விமானிக்கும் ஒரு சூட்சுமம் உண்டு: சுழல் எப்போதும் கீழ்நோக்கித்தான் இறங்கும், எனவே முன்னால் போனவர் வந்த பாதைக்குக் கீழே போய்விடக் கூடாது.

ஓடுதளம் இரண்டாகி, இணையாக ஓடினால்? ஆட்டம் இன்னும் சூடு பிடிக்கும்! தரைக்கு அருகே வந்த சுழல் பக்கவாட்டில் நகரும். குறுக்குக் காற்று கை கொடுத்தால் பக்கத்து ஓடுதளத்துக்கே போய்விடும். அதனால் இரண்டுக்கும் நடுவே 760 மீட்டருக்குக் குறைவாக இருந்தால், சுழல் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். துபாயில் இடைவெளி 385 மீட்டர். பெங்களூரிலோ 2019 டிசம்பரில் திறந்த இரண்டாவது ஓடுதளத்துக்கும் முதலாவதுக்கும் நடுவே டெர்மினல்களே நிற்கின்றன. ஒன்றின் சுழல் மற்றதைத் தொடாது. ஆனாலும் இரு வரிசையும் ஒரே நேரத்தில் தனித்தனியாக இறங்கும் முறையில், நடுவில் குறைந்தது 610 மீட்டர் அகலத்துக்கு யாரும் நுழையக் கூடாத வான்பட்டை ஒன்றை வகுத்து, அதைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி.

மதுரையில் ஒரே ஓடுதளம், சுமார் 7,500 அடி. வருகிற ஏர்பஸ் ஏ320, போயிங் 737, ஏடிஆர் எல்லாமே மீடியம். அதை 12,500 அடியாக நீட்டும் திட்டம் நிறைவேறி ஹெவி விமானங்கள் வரத் தொடங்கினால், நம்ம கட்டுப்பாட்டுக் கோபுரத்திலும் ஐந்து மைல் கணக்கு பிறக்கும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்! விமானங்களைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, பெங்களூருக்கு இறங்கும் வரிசையைப் பாருங்கள். ஏ380 வந்தால் அதன் வாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்று அளந்து பாருங்கள். காலியாகத் தெரியும் அந்த இடத்தில்தான் ஒருவர் கண் இமைக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்!