அடுப்புக்கா, எஞ்சினுக்கா?

1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியிலே ஒரு டீசல் எஞ்சின் ஓடிக் காட்டிற்று. அதற்கு வார்த்தது என்ன தெரியுமா? நிலக்கடலை எண்ணெய்!

எனவே தாவர எண்ணெயில் வண்டி ஓடுமா என்று இன்றைக்கு வியக்க வேண்டியதில்லை, தோழர்களே. ஓடும். அப்படியே ஊற்றினால் கெட்டி எண்ணெய் நாசிலை அடைக்கும். மெதனாலும் காரமும் சேர்த்து, கிளிசரினைப் பிரித்தெடுத்தால் பயோடீசல். பட்டறைத் தோழர்களுக்கு இது பெரிய வித்தையல்ல.

நம் கேள்வி வேறு: யாருடைய எண்ணெய்?

உலகிலேயே அதிகப் பாமாயில் எடுக்கும் நாடு இந்தோனேசியா. டீசலில் 30 விழுக்காடு பாமாயில் பயோடீசல் கலந்தே தீரவேண்டும் என்று 2020இல் அங்கே விதி வந்தது. அந்த நாட்டிலேதான் 2022இல் சமையல் எண்ணெய்க்குத் தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள்! ஏப்ரல் 28இல் ஏற்றுமதிக்கே தடை போட்டது அரசு. வெளிநாட்டு விலையேற்றமும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாணலி காய்ந்தபோதும் வண்டிக்கு அளந்த பங்கு குறைந்ததா? இல்லை. 2025இல் அது 40 விழுக்காடாக ஏறியது.

நமக்கென்ன என்கிறீரா? நம் ரேஷன் கடைப் பாமாயிலும் இறக்குமதியை நம்பியதுதானே!

பயோடீசலே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். ஓட்டல்களில் பொரித்துக் கறுத்த எண்ணெயைத் திரட்டி அதைச் செய்ய 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் திட்டம் தொடங்கியது. அதை வரவேற்கிறோம். அந்த எண்ணெய் மறுபடி பஜ்ஜிக் கடைக்கு வராமலாவது இருக்கும்!