வாக்கிங் போக ஸ்கூட்டர் எதுக்கு? உங்க ஊர் நடைபாதைக்குக் காசு எங்க இருந்து வருது?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். காலைல அஞ்சரை மணிக்கு அப்பா ஷூ மாட்டிக்கிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "எங்கப்பா?"ன்னு கேட்டேன். "வாக்கிங்"னார்!

ஏரி எங்க வீட்டுல இருந்து முக்கால் கிலோமீட்டர்தான். ஏரிக்கரையில இப்போ அழகா வாக்கிங் டிராக் போட்டிருக்காங்க, லைட், பெஞ்ச் எல்லாம் இருக்கு. ஆனா அங்க போய்ச் சேர்ற ரோட்டுல நடக்க ஒரு அடி இடம்கூட இல்ல. போன வருஷம் பக்கத்து வீட்டு அத்தை, பின்னால வந்த வேனுக்கு ஒதுங்கப்போய் சாக்கடையில விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. அதுக்கப்புறம்தான் அப்பாவுக்கு இந்த ஸ்கூட்டர் பழக்கம்.

டிராக் போடக் காசு இருந்துச்சு, அதுக்குப் போற வழிக்கு மட்டும் ஏன் இல்ல? நகராட்சியில கேட்டேன். "அது ஏரி ஃபண்டுங்க, ரோட்டுக்கு வராது"ன்னு ஒரே வரியில பதில் வந்துச்சு. சால்ஜாப்புன்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா தோண்டிப் பார்த்தா, அது உண்மைதான்.

நம்ம சின்ன ஊர்களுக்கு வர்ற பணத்துல பெரும்பகுதி, "இதுக்கு மட்டும்தான்"னு பேர் எழுதியே வருது. 2021 அக்டோபர்ல தொடங்கின அம்ருத் 2.0 திட்டத்தை எடுத்துக்கோங்க. குடிநீர், கழிவுநீர், நீர்நிலைகளைச் சீரமைக்கிறது, பூங்கா, இதெல்லாம் அதுல வரும். மக்கள்தொகை ஒரு லட்சத்துல இருந்து பத்து லட்சம் வரை உள்ள ஊர்னா, மூணுல ஒரு பங்கை மத்திய அரசு தரும். மீதியை மாநிலமும் உள்ளாட்சியும் போடணும். ஏரியைச் சீரமைக்கும்போது கரையில நடைபாதையும் சேர்ந்து வந்துடும். ஏரி கேட்டைத் தாண்டினா அந்தப் பணம் நின்னுடும்.

அடுத்தது 15ஆவது நிதிக்குழு மானியம், 2021–26 காலத்துக்கு வந்தது. பத்து லட்சத்துக்குக் கீழ உள்ள ஊர்களுக்கு இதுல 60 சதவீதம் தண்ணீருக்கும் துப்புரவுக்கும்னு கட்டிப்போட்ட பணம். பாக்கி 40 சதவீதத்தைத்தான் ஊரே தன்னோட தேவையைப் பார்த்துச் செலவு பண்ண முடிஞ்சுது.

இதைத் தவிர ரோட்டுக்குன்னே மாநில அரசுத் திட்டங்கள் இருக்கு. ஆனா "ரோடு"ன்னு எழுதிக் கேட்டா தார்தான் வரும். நடைபாதை வேணும்னா அதை எஸ்டிமேட்லயே எழுத வைக்கணும்.

அப்போ எந்தப் பேரும் எழுதாத பணம் எது? நாம கட்டுற சொத்து வரி! 2022 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல இதை உயர்த்தினாங்க, ஞாபகம் இருக்கா? 600 சதுர அடிக்குள்ள உள்ள வீடுகளுக்கு 25 சதவீதம். 1,800 சதுர அடிக்கு மேல போனா 100 சதவீதம். சொத்து வரியைச் சீரமைச்சாதான் நிதிக்குழு மானியமே கிடைக்கும்ங்கிற நிபந்தனையும் அதுக்கு ஒரு காரணம். வரி ஏறினதுக்குத் திட்டினோம், சரி. அந்தக் காசு எந்தத் தெருவுக்குப் போகுதுன்னு நம்மள்ல எத்தனை பேர் கேட்டோம்?

கேட்க ஒரு இடம் இருக்குங்க. 2022ல வார்டு குழு, ஏரியா சபைக்கான விதிகள் வந்துச்சு. கிராம சபை மாதிரியே, ஆனா நகரத்துக்கு. அந்தப் பகுதியில ஓட்டு இருக்கிற எல்லாரும் அதுல உறுப்பினர். யாரோட சிபாரிசும் தேவையில்ல, நேரா போய் உட்காரலாம்.

அங்க போய் "நடைபாதை போடுங்க"ன்னு மட்டும் சொன்னா "பார்க்கலாம்"னு முடிஞ்சுடும். மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, இந்த வேலையை எந்த நிதியில எடுக்க முடியும்? அதுக்குப் பேர் சொல்ல வைங்க.

ரெண்டு, இந்தத் தெருவுல குடிநீர்க் குழாயோ பாதாள சாக்கடையோ வரப்போகுதா? வரும்னா அது முதல்ல முடியட்டும். இல்லன்னா, போட்ட நடைபாதையை ஆறு மாசத்துல தோண்டுவாங்க.

மூணு, மழைநீர் வடிகாலுக்கு எஸ்டிமேட் போடும்போதே மேல மூடி போட்டு, நடக்கிற மாதிரி கட்ட முடியுமா? தனியா நடைபாதை கட்ட இடமில்லாத தெருவுக்கு இதுதான் சுலபமான வழி. இந்திய சாலை காங்கிரஸ் வழிகாட்டி, நடக்கக் குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாம இருக்கணும்னு சொல்லுது. கம்பமும் டிரான்ஸ்பார்மரும் அந்த அகலத்துக்குள்ள வரக் கூடாது.

"நமக்கு நாமே" திட்டம்னு இன்னொரு வழியும் இருக்கு. 1997ல வந்தது, 2021ல மறுபடி உயிர் வந்துச்சு. பொதுவா செலவுல மூணுல ஒரு பங்கை மக்கள் போட்டா, மீதியை அரசு தரும். வியாபாரிகள் சங்கம், குடியிருப்போர் சங்கம் இருக்கிற தெருவுக்கு நல்ல வழி. ஆனா காசு சேர்க்க முடியாத தெருவுலயும் ஜனங்க நடக்கத்தான் செய்றாங்க. அதனால இதை மட்டுமே நம்ப முடியாது.

எங்க அப்பா அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போறேன்னு சொல்லியிருக்கார். மூணு கேள்வியையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். "நடந்து போவீங்களா, வண்டியிலயா?"ன்னு கேட்டேன்.

"இப்போதைக்கு வண்டியிலதான்"னார்.