புதிய போனின் சாவி யார் கையில்?



புதிய வீடொன்றை வாங்கி, அதன் சாவியை முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் குடியேறுபவர் எவரும் உண்டா? ஆனால், புதிதாகக் கையடக்கத் தொலைபேசி வாங்கும்போது எம்மில் பலர் இதைத்தான் செய்கின்றோம். எமது உறவுக்காரச் சகோதரி ஒருவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

அவரது கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். சில வருடங்களுக்கு முன்னர் இவர் நகரத்துக் கடையொன்றில் போன் வாங்கினார். "லாத்தா, ஜிமெயில் இருக்கா?" என்று கடைத் தம்பி கேட்டார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, நீங்களே போட்டுத் தாங்க" என்றார் இவர். ஐந்து நிமிடத்தில் எல்லாம் தயார். என்ன மின்னஞ்சல், என்ன கடவுச்சொல் என்று இவர் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. சிம் அட்டையோ இவரது தம்பியின் அடையாள அட்டையில் எடுக்கப்பட்டது.

இவரது வாப்பா ஒவ்வொரு நாளும் ஸுபஹ் தொழுதுவிட்டு மகளுக்கு வொட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவார். "மகள், எழும்பிட்டீங்களா? புள்ளைகள் ஸ்கூலுக்கு வெளிக்கிட்டாங்களா?" என்று கேட்பார். வாப்பா மௌத்தான பிறகு அந்தச் செய்திகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பதே இவருக்கு ஆறுதலாக இருந்தது.

ஒருநாள் பஸ்ஸில் அந்தப் போன் தொலைந்து போயிற்று. அதே இலக்கத்தில் வேறு சிம் எடுக்கப் போனபோது, உரியவர் அடையாள அட்டையுடன் நேரில் வரவேண்டும் என்றார்கள். தம்பியோ சவூதியில். அவர் லீவில் வரும்வரை காத்திருந்து இலக்கத்தை எடுத்தாயிற்று. ஆனால் பழைய செய்திகள் வரவில்லை. அவை சேமிக்கப்பட்டிருந்தது கடைத் தம்பி திறந்த மின்னஞ்சல் கணக்கில். அந்தத் தம்பி கடையை விட்டுப் போய்விட்டார். கணக்கின் பெயரை அறிந்தவர் எவருமில்லை.

"போன் போனது கவலையில்ல. வாப்பாட குரல் போச்சு" என்று அவர் அழுதபோது எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை.

அன்றும் இன்றும்

1989ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கையடக்கத் தொலைபேசிச் சேவை வந்தது. ஆயினும் அது சாதாரண வீடுகளுக்கு எட்டப் பல வருடங்கள் சென்றன. அதுவரை மத்திய கிழக்கில் இருந்தவர்களுக்கு நாம் என்ன செய்தோம்? கெசட்டில் குரலைப் பதிந்து, ஊரிலிருந்து போகிறவர்களின் கையில் கொடுத்தனுப்பினோம். அந்த கெசட்டுகள் சில வீடுகளின் அலுமாரிகளில் இன்னும் இருக்கின்றன. அலுமாரியும் எமது, சாவியும் எமது. இன்றைய குரல்களும் படங்களும் எமது அலுமாரியில் இல்லை. அவை ஒரு கணக்கினுள் இருக்கின்றன. அந்தக் கணக்கின் கடவுச்சொல்லே சாவி. அது உங்களிடம் இல்லையென்றால், பணம் கொடுத்து வாங்கியது வெறும் கருவியை மட்டும்தான்.

வாங்கும்போது

பெட்டியைத் திறந்ததும் போனில் *#06# என அழுத்துங்கள். 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.இ.ஐ எண் தோன்றும். அது பெட்டியில் அச்சிடப்பட்ட எண்ணுடன் ஒத்திருக்க வேண்டும். பின்னர் ஒரு குறுஞ்செய்தியில் ஐ.எம்.இ.ஐ என்பதை ஆங்கில எழுத்துக்களில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் இட்டு 1909க்கு அனுப்புங்கள். அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியப்பட்டதா என்று பதில் வரும். காசைக் கொடுக்கு முன்னரே இதைச் செய்வது நல்லது.

பற்றுச்சீட்டில் இந்த எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குங்கள். "நம்ம கடைதானே" என்று சும்மா வரவேண்டாம். பின்னர் கடைக்காரர் கைவிரித்தால், நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிட அந்தச் சீட்டே உதவும். போன் களவு போனால் பொலிஸில் கேட்பதும் இந்த எண்ணைத்தான்.

விலை மலிவு என்று மிகப் பழைய மாதிரியை எடுத்துவிடாதீர்கள். பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் எத்தனை வருடம் கிடைக்கும் என்று கேளுங்கள். அது நின்றுபோன போனில் வங்கி வேலை பார்ப்பது ஆபத்தானது.

முதல் நாளில்

மின்னஞ்சல் கணக்கை உங்கள் பெயரிலேயே திறவுங்கள். மகனோ மகளோ பக்கத்திலிருந்து காட்டித் தரட்டும். ஆனால் கடவுச்சொல்லை உங்கள் விரலால் நீங்களே எழுதுங்கள். அதை ஒரு கொப்பியில் குறித்து, நகை வைக்கும் அலுமாரியில் வையுங்கள். கணக்கை மீட்பதற்கான தொலைபேசி இலக்கமும் உங்களுடையதாக இருக்கட்டும். சிம் அட்டையும் உங்கள் அடையாள அட்டையிலேயே இருக்க வேண்டும். வேறொருவர் பெயரில் இருந்தால் இருவரும் சேர்ந்து போய் மாற்றிக் கொள்ளுங்கள்.

வொட்ஸ்அப்பில் 'செட்டிங்ஸ்' சென்று, 'செட்ஸ்' என்பதில் 'செட் பெக்கப்' என்ற இடத்தைப் பாருங்கள். உங்கள் மின்னஞ்சல் முகவரி அங்கே இருக்கிறதா? கடைசியாக எப்போது சேமிக்கப்பட்டது? போன் மாறும்போது அதே இலக்கமும் அதே கணக்கும் இருந்தால்தான் பழையவற்றை மீட்கலாம். மாதத்தில் ஒரு தடவையாவது இதைப் பாருங்கள்.

வொட்ஸ்அப் தொடங்கும்போது வரும் 6 இலக்கக் குறியீட்டை எவருக்கும் சொல்லக் கூடாது. "தவறுதலாக உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அனுப்புங்கள்" என்று தெரிந்தவரின் பெயரிலேயே செய்தி வரும். அவரது கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். நீங்கள் அனுப்பிய மறுகணம் உங்களுடையதும் போய்விடும். பின்னர் உங்கள் பெயரில் உறவினர்களிடம் பணம் கேட்பார்கள். 'டூ ஸ்டெப் வெரிபிகேஷன்' என்பதை இயக்கி, தனியாக ஓர் இரகசிய இலக்கம் இட்டால் இதைப் பெரிதும் தடுக்கலாம்.

திருத்தக் கொடுக்கும்போது

எமது போன்களில் வீட்டுக்குள் எடுத்த படங்கள் இருக்கின்றன. கல்யாண வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்தவையும் இருக்கின்றன. அவற்றில் இருப்பது நாம் மட்டுமல்ல, எம்மை நம்பி நின்ற மாமி, மச்சி, அயல்வீட்டுப் பிள்ளைகள். அவை எம்மிடமுள்ள அமானிதம் அல்லவா?

ஆகவே கடையில் கொடுக்கு முன் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள். முடிந்தால் எல்லாவற்றையும் வேறிடத்தில் சேமித்து, போனை முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள். அது முடியாதபோது, சிறிய வேலையென்றால் பக்கத்தில் இருந்தே செய்வித்து எடுங்கள். திரை மாற்றுவது போன்ற வேலைகளுக்கு உங்கள் பூட்டு இலக்கத்தைச் சொல்லத் தேவையில்லை. விற்கும்போதோ பிறருக்குக் கொடுக்கும்போதோ முதலில் உங்கள் கணக்கை நீக்கி, பின்னர் 'பெக்டரி ரீசெட்' செய்யுங்கள். கணக்கை நீக்காமல் அழித்தால் வாங்குபவரால் போனைத் திறக்க முடியாமல் போகலாம்.

கணக்கு பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவை 101 இலக்கத்தில் அழைக்கலாம். படத்தைக் காட்டி எவரேனும் மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவிச் சேவை 1938 இலக்கத்தில் இருக்கிறது.

"பெண்ணுக்கு எதற்குத் தனிப் பூட்டு? வீட்டுக்கு மறைக்க என்ன இருக்கிறது?" எனச் சிலர் கேட்கலாம். இது கணவருக்கு மறைப்பது அல்ல. விரும்பினால் கொப்பி இருக்கும் இடத்தை அவருக்கும் சொல்லி வையுங்கள். நகை அலுமாரியைப் பூட்டுவது கணவருக்குப் பயந்தா? அதுபோலத்தான் இதுவும்.

அந்தச் சகோதரி இப்போது புதிய போன் வாங்கியிருக்கிறார். கடைத் தம்பி கை நீட்டியபோது, "வேணாம் தம்பி, எப்படின்னு சொல்லுங்க, நானே போடுறேன்" என்றாராம். முக்கால் மணித்தியாலம் எடுத்ததாம். வீட்டுக்கு வந்ததும் உம்மாவின் போனையும் எடுத்து, அதையும் உம்மாவைக் கொண்டே சரிசெய்திருக்கிறார். இப்போது உம்மா அனுப்பும் குரல் செய்திகளைத் தன் கணினியிலும் ஒரு பிரதி எடுத்து வைக்கிறார்.

இன்று இஷாவுக்குப் பின் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் போனில் இருக்கும் மின்னஞ்சல் யார் திறந்தது, அதன் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியுமா, சிம் யாருடைய பெயரில் என்ற மூன்றையும் பாருங்கள். பதில் தெரியாவிட்டால், போன் கையில் இருக்கும்போதே திருத்திக் கொள்ளுங்கள். தொலைந்த பிறகு தேடிப் பயனில்லை.