கட்டுத்தரைக் கணக்கு – 9: மாசிப் பனியும் மரவள்ளித் திப்பியும்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். வெண்ணந்தூர்க் காடுகளில் மாசிப் பனி முதலில் துளைப்பது தட்டுப் போரைத்தான். தையில் அறுத்துக் காயவைத்து, கட்டுக் கட்டாக அடுக்கிய சோளத்தட்டின் உச்சியில் இரவெல்லாம் பனி இறங்குகிறது. பனையோலையோ தார்ப்பாயோ போட்டுச் சரியாக மூடாவிட்டால் ஈரம் உள்ளே ஊறிவிடும். பகல் வெயில் ஏறியதும் அந்த ஈரம் சூடாகி, தட்டு கருத்துப் பூசணம் பிடிக்கும். அதனால் இந்த மாதத்தில் காலையில் போருக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்கிறார்கள். சூடு தட்டினால் அந்த இடத்தைப் பிரித்து வெயிலில் உதறிப் போட வேண்டும். பூசணம் பிடித்த தட்டை மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசியில் தின்றுவிட்டால் கழிச்சல் வரும். சினை மாடாக இருந்தால் கன்று வீசிவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

போன வாரம் கறவையைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் தீவனம். மாசி மாதத்துக் கட்டுத்தரையில் இதைவிடப் பெரிய விஷயம் வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கோடையில் எத்தனை மாடு நிற்கும், எத்தனை மாடு சந்தைக்குப் போகும் என்பதை முடிவு செய்வது சித்திரை வெயில் அல்ல, மாசியில் இருக்கும் போரின் உயரம்.

மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சேலம், நாமக்கல் சமவெளியில் அது ஒரே நாளுக்குள் இரண்டு பருவம் வந்துபோகும் காலம். விடியலில் அலவாய்மலை மூட்டத்துக்குள் மறைந்திருக்கும். நடுப்பகலில் வெயில் 34, 35 டிகிரிக்கு ஏறிவிடும். காலையில் மயிர் சிலிர்த்து நடுங்கிய கன்று மத்தியானம் வாயைத் திறந்து இளைக்கும். கோழிப் பண்ணைகளுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனை இருக்கிறது; அது நாளிதழ்களிலும் வருகிறது. நாலு மாடும் பத்து வெள்ளாடும் வைத்திருப்பவர் தன் தோலில் உறைக்கும் குளிரையும் சூட்டையும் வைத்தே முடிவெடுக்கிறார்.

இந்த ஊசலில் அதிகம் அடிபடுவது வெள்ளாட்டுக் குட்டிகள். சேலம் கருப்பு என்று பெயர் பெற்ற, உடம்பெல்லாம் கன்னங்கரேலென்ற உயரமான ஆடுகள் இந்தப் பக்கத்துச் சொத்து. பனியில் போட்ட குட்டியின் மேல் இரவில் கொடாப்பு என்ற பெரிய கூடையைக் கவிழ்த்து, மேலே கோணிச்சாக்கைப் போர்த்துகிறார்கள். ஆனால் சாக்கைத் தரை வரை இழுத்து மூடிவிட்டால் உள்ளே மூத்திர ஆவி தேங்கும். பனியைவிட அந்த ஆவிதான் குட்டியின் நெஞ்சைப் பிடிக்கும். அனுபவம் உள்ள பெண்கள் அடியில் நாலு விரற்கடை விட்டே சாக்கைக் கட்டுகிறார்கள். பிறந்த குட்டிக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போய்ச் சேர வேண்டும். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குக் கிடைப்பது அதன் வழியாகத்தான். நேரம் ஆக ஆக, அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் குட்டியின் குடலுக்குக் குறைந்துகொண்டே போகும். குளிரில் விறைத்து எழ முடியாத குட்டியின் வாயில் விரலை வைத்துப் பார்ப்பார்கள். வாய் சில்லென்று இருந்தால் முதலில் அடுப்பங்கரைச் சூடு, பிறகுதான் பால்.

இனி தீவனக் கணக்கு. அலவாய்ப்பட்டிக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்து வீடு. கறவையில் இரண்டு ஜெர்சிக் கலப்பு, ஓர் எருமை, சினைப் பருவத்தில் ஒரு கிடேரி. 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஈரம் நீக்கிய கணக்கில் 10 முதல் 12 கிலோ தீவனம் வேண்டும். அதில் பாதி தட்டு என்று வைத்தால் 6 கிலோ. கோடை மழை பெய்து புல் தலைகாட்ட இன்னும் 120 நாள் என்றால், ஒரு மாட்டுக்கு 720 கிலோ. நாலு உருப்படிக்கு 2,880 கிலோ. அந்த வீட்டுக்காரர் இதை எழுதிப் பார்ப்பதில்லை. போரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "பங்குனிக் கடைசி வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல தாங்காதுங்க" என்று சொல்கிறார். அவர் கண்ணால் அளந்ததும் என் காகிதக் கணக்கும் பெரிய வித்தியாசமில்லாமல் ஒத்துப்போயின.

பால் விலையோ தீவனம் வாங்கும் தைரியத்தைத் தருவதாக இல்லை. ஆவின் 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கியது. 2023 டிசம்பரில் அரசு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தது. இந்த விலைகூட, கொழுப்பும் இதர சத்தும் சரியாக இருந்தால்தான். பங்குனியில் பசும்புல் தீர்ந்து வெறும் தட்டில் மாடு நிற்கும்போது பாலும் குறைகிறது, சத்தும் குறைகிறது. சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருபவரின் அட்டையில் இரண்டு குறைவும் சேர்ந்தே விழுகின்றன.

இந்த இடைவெளியை நிரப்ப இந்தச் சீமைக்கு வாய்த்திருப்பது மரவள்ளித் திப்பி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. ஜவ்வரிசியின் இந்தப் பெருமையெல்லாம் ஊருக்குத் தெரியும். அதே ஆலையின் பின்வாசலில் கிடைப்பதை நம்பித்தான் கோடையில் எத்தனையோ கட்டுத்தரைகள் உயிர் பிழைக்கின்றன. கிழங்கைக் கழுவி, தோல் நீக்கி, அரைத்து, தண்ணீர் விட்டுச் சலிக்கும்போது மாவுப்பால் கீழே இறங்கிவிடும். சலிப்பில் தங்கும் சக்கைதான் திப்பி. அதைக் களத்திலும் பாறையிலும் பரப்பிக் காயவைக்கிறார்கள். அதன் புளித்த வாடை காற்றில் வந்தாலே ஆலை ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

திப்பி வாங்கும்போது அந்த வீட்டு அம்மா செய்வதைப் பார்த்தேன். மூட்டையின் வாயிலிருந்து எடுக்கவில்லை. கையை உள்ளே விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்தார். இறுக்கிப் பிடித்து விரலைத் திறந்தார். பொலபொலவென்று உதிர்ந்தது. உருண்டையாக நின்றிருந்தால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம். பிறகு முகர்ந்தார். லேசான புளிப்பு பரவாயில்லை, காரமாக மூக்கில் ஏறினால் வேண்டாம். கடைசியாக ஒரு சிட்டிகையை வாயில் போட்டு முன்பல்லில் கடித்தார். மணல் நறநறத்தது. "களத்துல கூட்டி அள்ளுனதுங்களா? எடையில கழிச்சுக்குங்க" என்றார் விற்பவரிடம். அவரும் மறுபேச்சுப் பேசாமல் கழித்துக்கொண்டார்.

திப்பியில் மாவுச்சத்து மிச்சமிருக்கிறது, புரதம் மிகக் குறைவு. அதையே வயிறு நிறையப் போட்டால் மாடு தெம்பாகத் தெரியும், பால் ஏறாது. கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்தால்தான் கறவைக்கு ஒட்டும். பழக்கமில்லாத மாட்டுக்குத் திடீரென்று அள்ளிப் போட்டால் வயிற்றில் அமிலம் மிகுந்து அசைபோடுவது நின்றுவிடும். கொஞ்சங்கொஞ்சமாகப் பழக்கி ஏற்ற வேண்டும்.

இதே மரவள்ளிக்கு இன்னொரு முகம் உண்டு. இந்த வாரம் நான் எழுத நினைத்ததே அதைச் சொல்லத்தான்.

மரவள்ளியின் இலையிலும் கிழங்கிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கின் சதையைவிடத் தோலில் அதிகம். கடித்தோ நசுங்கியோ திசு உடையும்போது, செடியிலேயே உள்ள நொதி அதைப் பிரித்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரச் செய்கிறது. அசைபோடும் விலங்குகளின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகளும் இதே வேலையைச் செய்வதால் ஆடும் மாடும் வெகு சீக்கிரம் விஷத்தில் விழுகின்றன. ரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருக்கும், ஆனால் உடம்பின் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. அதனால் கண்ணிமையின் உட்புறம் பளிச்சென்ற சிவப்பாக இருக்க, ஆடு மூச்சுத் திணறித் தள்ளாடி விழும். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ரத்தக் குழாயில் ஏற்றுவதுதான் மாற்று மருந்து. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஊர்தி வரும். ஆனால் அதிகம் தின்ற ஆடு சில நிமிடங்களில், மிஞ்சினால் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது. ஊர்தி எவ்வளவு விரைந்து வந்தாலும் இந்த விஷத்தை முந்துவது கடினம்.

மாசியில் இந்த ஆபத்து கூடுகிறது. ஒரு காட்டில் கிழங்கு பிடுங்குகிறார்கள், அடுத்த காட்டில் நடவுக்குக் குச்சி வெட்டுகிறார்கள். பிடுங்கிய காட்டில் இலை குவியலாகக் கிடக்கும், மரத்தடியில் துளிர் விட்ட குச்சிக் கட்டுகள் சாய்த்து வைத்திருக்கும், கிழங்கு சீவிய தோல் வரப்போரம் கிடக்கும். அறுவடை முடிந்ததென்று ஆட்டை அவிழ்த்துவிடுவதும் இதே நாட்களில்தான். பச்சையைக் கண்டு பல நாளான ஆடு முதல் வாயை அங்கேதான் வைக்கும். இலையை நறுக்கி, மெல்லிசாகப் பரப்பி, நல்ல வெயிலில் சருகாகக் காயவைத்தால் விஷத்தின் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். பச்சைத் தோலை மட்டும் ஒரு கைப்பிடி கூடக் கட்டுத்தரைக்குக் கொண்டுவரக் கூடாது.

சோளமும் சும்மா விடுவதில்லை. தட்டு அறுத்த அடித்தூரில் பனி ஈரத்துக்கு இளங்குருத்து துளிர்க்கிறது. வெயிலில் வாடி முழங்கால் உயரம்கூட வளராத அந்தக் குருத்திலும் இதே சயனைடு. முற்றிக் காய்ந்த தட்டு மாட்டுக்குச் சோறு, அதன் தூரில் வந்த துளிர் மாட்டுக்கு எமன். பெரியவர்கள் இதைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். அறுத்த காட்டை உழுத பிறகே ஆட்டை விடுவார்கள். இப்போது காட்டை ஓர் ஆள் பார்க்க, ஆட்டை இன்னோர் ஆள் மேய்க்க, இரண்டையும் சேர்த்துத் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டு அவிழ்த்துவிட்டால் எத்தனையோ ஆடு பிழைக்கும்.

மரவள்ளியும் கொஞ்ச காலம் தள்ளாடியது. 2020இல் கேரளத்தில் தென்பட்ட மாவுப்பூச்சி அடுத்து நாமக்கல், சேலம் காடுகளுக்குள் புகுந்து குருத்தைச் சுருட்டியது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சிறு குளவியைத் தருவித்துப் பெருக்கி, 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விடத் தொடங்கினார்கள். கிழங்கு குறைந்தால் திப்பி குறையும், திப்பி குறைந்தால் பாலும் குறையும். அந்த வகையில் அது மாட்டுக்காரருக்கும் நடந்த வைத்தியம்.

மாட்டு நோய்க்கு இங்கே ஏற்பாடு இருக்கிறது. கோமாரிக்கு 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை தடுப்பூசி போடுகிறார்கள். மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்குகிறது. 2013இல் கோமாரியில் மாடுகள் செத்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் பட்டினிக்கு முகாம் கிடையாது. ஒவ்வோர் ஒன்றியத்திலும் மாசி மாதமே தட்டும் திப்பியும் வாங்கி இருப்பு வைத்து, சித்திரையில் வாங்கிய விலைக்கே கொடுத்தால் எத்தனையோ கறவைகள் கசாப்புக்குப் போகாது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்தால் சத்து கூடும் என்று பல்லாண்டுகளாகச் சொல்லித் தருகிறார்கள். சொன்னதோடு விடாமல் ஓர் ஊரில் ஒரு கட்டுத்தரையிலாவது கூட நின்று செய்துகாட்ட வேண்டும். யூரியா தப்பிப் போனால் அதுவும் விஷம் என்பதால் காகிதத்தைப் பார்த்துச் செய்ய யாருக்கும் துணிவு வருவதில்லை.

அந்தத் தோட்டத்து வீட்டில் தட்டு போதாது என்று தெரிந்ததும் ஓர் உருப்படியைப் புதன்சந்தைக்கு ஓட்டுவதென்று முடிவானது. சித்திரையில் எல்லாப் போரும் தீர்ந்து எல்லோரும் சந்தைக்கு ஓட்டுவார்கள். அப்போது விலை கேட்பவர்கள் கை மேலே இருக்கும். மாசியில் மாட்டின் மேல் இன்னும் சதை இருக்கிறது. எதை ஓட்டுவது என்பதில்தான் பேச்சு.

"எருமைய ஓட்டிரலாம்மா. ரெண்டு லிட்டருக்கு மேல வர்றதில்ல" என்றார் மகன்.

"அது வெறுந்தட்டத் தின்னே அந்த ரெண்டு லிட்டரக் குடுக்குது கண்ணு. உன்ற ஜெர்சிக்கு மூட்டைத் தீவனம் அவுக்காம ஒரு சொட்டு வருமா? கிடேரிக்கு மூணு ஊசி போட்டாச்சு, சினை நிக்கல. அதக் குடு."

ராசிபுரம் நெய் என்று ஊர் ஊராகப் பெயர் பரவிய சீமை இது. தமிழ்நாட்டில் 2012 கணக்கெடுப்பில் 7.8 லட்சமாக இருந்த எருமை 2019இல் 5.2 லட்சமாகிவிட்டது. முரட்டுத் தட்டைச் செரித்துப் பாலாக்குவதில் எருமைக்கு இருக்கும் வல்லமை கலப்பினப் பசுவுக்கு இல்லை. அம்மா சொன்னது பாசத்தில் அல்ல. கோடைக்குத் தாங்கும் மாடு எது என்று பார்த்துத்தான் சொன்னார்.

மகன் கொஞ்ச நேரம் போரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிடேரியை ஓட்டச் சம்மதித்தார். மூன்று உருப்படிக்கு 2,160 கிலோ போதும். போரில் இருப்பது அதைவிடக் குறைவுதான். மீதிக்கு மணல் இல்லாத திப்பியாகப் பத்து மூட்டை சொல்லி வைத்தார்கள்.

(தொடரும்)