அடிவாரத்துச் சமையல் – 9: மிளகு சேர்ந்த கொள்ளுக் கடைசல்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு பாதைகள். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதைதான் சுற்றுலா வருகிறவர்களுக்குத் தெரிந்தது. இன்னொன்று குப்பனூரில் மலையைத் தொட்டு, கொட்டச்சேடு வழியாக மேலே போகிறது. கீழே மேட்டுக்காட்டில் கொள்ளு விளைகிறது. மேலே மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாகச் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பி, இன்று சில்வர் ஓக் நிழலில் நிற்கிறது. அந்த மரங்களைப் பற்றி மிளகுக்கொடி ஏறுகிறது. அடிவாரத்து அடுப்புக்கு இரண்டு பக்கத்துச் சரக்கும் வருவதால், இங்கே கைமாறும் சமையல் குறிப்பு கொஞ்சமாவது மாறாமல் இருப்பதில்லை.

எங்கள் வீட்டுக் கடைசலும் அப்படி மாறியதுதான். முதலில் வழக்கமான முறை. ஒரு டம்ளர் கொள்ளைக் கல் பொறுக்கி, வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, இரவே ஊறவைக்க வேண்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நாலு டம்ளர் புதுத் தண்ணீரில் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்து வடித்துக்கொள்ள வேண்டும். வடித்த நீர் பத்திரம். சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, ஆறு பல் பூண்டு, மல்லி, சீரகம், நாலு வரமிளகாய், கறிவேப்பிலை எல்லாம் வதக்கி, துளி புளியும் உப்பும் சேர்த்து, கொள்ளோடு கொரகொரப்பாகக் கடைய வேண்டும். மிக்ஸி என்றால் விட்டுவிட்டுத்தான் ஓட்டலாம். மாவாகிவிட்டால் அது கடைசலே இல்லை.

எங்கள் மாற்றம் இது: மிளகாய் நாலுக்குப் பதில் ஒன்று. ஒரு ஸ்பூன் மிளகை அப்போதே நுணுக்கி, கடைந்து இறக்கிய பிறகு கலக்கிறோம். மிளகின் மணம் சூட்டில் பறந்துபோகும் எண்ணெயில் இருக்கிறது. வதக்கும்போதே போட்டால் காரம் நிற்கும், மணம் போய்விடும்.

இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் குறிப்பு முழுமையாகும் என்று நான் நம்புகிறேன். எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டார். பக்கத்தில் சொல்லித்தரப் பெரியவர்கள் இல்லாத பெண்களுக்கு அதன் அளவுகளே துணை. வீட்டுக்கு வீடு வாய்வழியே போகும் குறிப்புக்கும் அந்த நேர்மை வேண்டும். மூலம் எது, நாம் மாற்றியது எது என்று பிரித்துச் சொல்லிவிட்டால், வாங்கிக்கொள்கிறவர் தன் கைக்கு ஏற்ப இன்னொரு மாற்றம் செய்துகொள்ளலாம். ஒரு பொருளை மட்டும் மறைத்துவிட்டு மீதியைச் சொல்லும் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மறைத்த குறிப்பு சொன்னவரோடு அழிந்துபோகும்.

இந்தக் கடைசலுக்குச் சாமைச் சோறு அருமையான துணை. சாமையை லேசாக வறுத்துவிட்டு, ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீர் வைத்தால் உதிரியாக வரும். மேலே நல்லெண்ணெய் தாராளமாக விடுங்கள்.

வடித்த நீர் ரசத்துக்கு. நீர்க்கப் புளி கரைத்து, தட்டிய பூண்டு, மிளகு, சீரகம் போட்டு, கடைசலில் ஒரு கரண்டி எடுத்துக் கரைத்து அடுப்பில் வையுங்கள். நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்க விடக்கூடாது.

அடுத்த வாரம்: பலாக்கொட்டைக் குழம்பு.